மிதிக்கு ருசி பாக்கற உத்தியோகம்

வா கண்ணு, உக்காரு. அந்தக் கட்டல்ல வேண்டாம், கயிறு தொஞ்சு கெடக்குது, உக்காந்தீன்னா ஆள் வெச்சுத்தான் தூக்கோணும். திண்ணையிலயே உக்காரு. உங்க அம்மிச்சி காப்பி போட்டுக்கிட்டு இருக்கறா. அது வர்றதுக்குள்ள உன்னைய ஒண்ணு கேக்கோணும்.

நேத்து பால் சொசைட்டியில நாலு பேரு என்னையப் புடிச்சுக்கிட்டாங்க. "ஏனுங், பேரனுக்கு ஒரகடத்துல பெரிய வேலைன்னீங்களே, என்ன வேலைங்?"னு கேட்டாங்க. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே, "கார் கம்பெனியில பெடல் ஃபீல் இன்ஜினியருங்"னு சொன்னேன். ஒருத்தருக்கும் வெளங்கல. "அப்பிடின்னா?" "பிரேக்கை மிதிச்சா காலுக்கு எப்பிடி இருக்குதுன்னு பாக்கறதுங்." ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கறவைக்காரன் மட்டும், "அதுக்கு மாசம் எவ்வளவுங் குடுக்கறாங்க?"ன்னான். தொகையைச் சொன்னேன். அதுக்கப்பறம் பாலை அளக்கறதை விட்டுப்போட்டு அவன் ரொம்ப நேரம் அவன் காலையே பாத்துக்கிட்டு நின்னான்.

குத்தமாச் சொல்லலை சாமி. குன்னூருப் பக்கம் போனா டீக்கு ருசி பாக்கறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் இருக்கறான். ஒரு கரண்டியை சர்ருனு உறிஞ்சி, துப்பிப்போட்டு, இது தேறும், இது தேறாதுங்கறான். அவன் நாக்குக்கு ஒரு வெலை இருக்கறப்ப உன்ற பாதத்துக்கு இருக்கக் கூடாதா? எனக்கு இருக்கறது ஒரே வருத்தம்தான். நாப்பது வருசம் நானும் மிதிச்சேன். ஒருத்தனும் "எப்பிடி இருக்குது"ன்னு கேட்டதில்லை. "ஏன்டா லேட்டு"ன்னுதான் கேட்டானுங்க.

நேத்து ராத்திரி நோட்டுல கோடு போட்டுக் காட்டுனயே, அதை நானு தூக்கத்துல கூட நெனைச்சுப் பாத்தேன். மிதி மொதல்ல சித்த தூரம் ஒண்ணுமில்லாமப் போகோணும். அப்பறம் பேடு டிஸ்க்கைத் தொடோணும், தொட்டது காலுக்குத் தெரியோணும். அதுக்கு மேல மிதிக்க மிதிக்க ஏறிக்கிட்டே போகோணும். மொத தூரம் ஜாஸ்தியாப் போனா "பிரேக்கே இல்லை"ங்கறாங்க, கம்மியாப் போனா "கால் வெச்சாலே புடிக்குது"ங்கறாங்க. இதைக் கண்டுபுடிக்க நீ மிதி மேல ஒரு மிசினைக் கட்டி, கால் எத்தனை கிலோ அழுத்துச்சு, எத்தனை மில்லிமீட்டர் போச்சு, வண்டி எவ்வளவு தணிஞ்சுதுன்னு கோடு கோடா வாங்கறே. உங்க அம்மிச்சிகிட்டக் கேட்டிருந்தா ஒரு வார்த்தையில சொல்லியிருப்பா. மாட்டு மடியில மொதல்ல தடவோணும், அப்பறந்தான் இழுக்கோணும். எடுத்த எடுப்புல இழுத்தா ஒதைக்கும்.

ஆனா அந்த பூஸ்டரைப் பத்தி நீ சொன்னது மட்டும் எனக்கு மனசுல நின்னுக்கிச்சு. இஞ்சினுக்குப் பக்கத்துல கறுப்பா, குண்டாஞ்சட்டியைக் கவுத்து வெச்ச மாதிரி ஒண்ணு இருக்குமே, அது. இத்தனை வருசம் அதுக்குள்ள வெறும் காத்துதான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இஞ்சின் ஒரு பக்கத்துக் காத்தை உறிஞ்சிக்கும், மிதிச்சா இன்னொரு பக்கம் வெளிக்காத்து பூந்து தள்ளும், அதனாலதான் இஞ்சின் ஓடாதப்ப ரெண்டு மிதி மிதிச்சா மூணாவது மிதி கல்லாப் போகுது. அதுவரைக்கும் எனக்குத் தெரியும். ஆனா உள்ள ஒரு ரப்பர் வட்டு இருக்குதுன்னு நீ சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்ற கால் தள்ளற தண்டு அந்த வட்டோட நடுவுல முட்டுதாம், காத்து தள்ளற தள்ளு ஓரத்துல முட்டுதாம். வட்டு ரெண்டையும் சேத்து மாஸ்டர் சிலிண்டருக்குக் குடுக்குது. அங்கிருந்து எதிர்த்து வர்ற தள்ளுல காத்தோட பங்கைக் காத்துக்கும், என்ற பங்கை மட்டும் என்ற காலுக்கும் பிரிச்சுக் குடுக்குது. பங்காளிக நடுவால பாகம் பிரிக்கற ஊர்ப் பெரியவரு மாதிரி. அந்தத் தண்டுக்கும் வட்டுக்கும் நடுவால மில்லிமீட்டர் கணக்குல ஒரு சந்து. அந்தச் சந்து அடையற வரைக்கும் காலுக்கு எதிர்ப்பே தெரியாது, பிரேக் மட்டும் குபுக்குனு ஏறிக்கும். சந்தைக் கூட்டுனா வண்டி முன்கோபக்காரன் மாதிரி இருக்கும், கொறைச்சா நம்ம சின்ன மாமன் மாதிரி, பத்து தடவை கூப்பிட்டா ஒரு தடவை திரும்பும். இத்தனூண்டு சந்துல ஒரு வண்டியோட கொணமே இருக்குதுன்னா, உன்ற சம்பளத்தைப் பத்தி நானு இனிமே வாயே தெறக்க மாட்டேன்.

சரி, அதை விடு. உன்ற மேனேஜருகிட்டச் சொல்ல நானு ஒரு யோசனை வெச்சிருக்கறேன். அந்தச் சந்தை நல்லாக் கூட்டி வெச்சிரு. ஏன்னு கேளு.

காரு வாங்க வர்றவன் ஷோரூம்ல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கறான். பொறகால சீட்டுல அவன் மாமனாரு, பக்கத்துல டையைக் கட்டிக்கிட்டு ஒரு பையன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு பஜ்ஜி சாப்பிட்டவன் எப்பிடியோ, அதே கதிதான். அவன் காலை இப்பிடி வெக்கறான், வண்டி படக்குனு நிக்குது. மாமனாரு முன்சீட்டுல வந்து முட்டறாரு. "பிரேக் சும்மா அல்வா மாதிரி இருக்குதுங்"னு அவன் செக்கைக் கிழிச்சுக் குடுத்துப்போடுவான். பக்கத்துக் கம்பெனி வண்டியும் அதே தூரத்துலதான் நிக்கும். ஆனா அதை நல்லா மிதிக்கோணும். கொஞ்சம் மிதிச்சு நெறையாப் புடிச்சா அதுதான் நல்ல பிரேக்குன்னு ஜனம் நெனைக்குது, நாம என்ன பண்றது?

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு, கிண்டியில இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஊர்ந்து போறப்ப, முந்நூறு தடவை கால் வெப்பான். முந்நூறு தடவையும் அவன் சம்சாரம் சாமி கும்பிடற மாதிரி தலையை முன்னால போட்டுப்போட்டு எடுப்பா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளை வாந்தி எடுத்திருக்கும். அவன் உன்னையத் தேடி வர மாட்டான், நீ பயப்படாதே. சர்வீசுக்குப் போவான். அங்க இருக்கற பையன் பேடைக் கழட்டி உப்புத்தாள்ல ரெண்டு தேய்ப்புத் தேச்சு, "சரியாப் போச்சுங் சார்"னு பில்லைப் போட்டுருவான். உன்ற மேனேஜருக்கும் நல்ல பேரு, அந்தப் பையனுக்கும் பொழப்பு. எத்தனை குடும்பம் இதுல சாப்பிடுதுன்னு பாரு.

சிரிக்காதே. ஆளு பாத்துச் சிரி. அம்மிச்சி, காப்பிக்குச் சக்கரை போட்டயா?

அந்தப் பிரான்சு வண்டியைப் போன்ல காட்டுனயே, மூஞ்சி தவளை மாதிரி, 1955ல பாரிசுக் கண்காட்சிக்கு வந்தது. சிட்ரோன் டி.எஸ். மொத நாளே 12,000 பேரு கேட்டு எழுதி வெச்சாங்கன்னு சொன்னயே. அதுல மிதியே கெடையாது. தரையில ரப்பர் காளான் ஒண்ணு மொளைச்சிருக்கும், அவ்வளவுதான். அது கீழயும் போகாது, மேலயும் வராது. எத்தனை அழுத்தறயோ அத்தனை புடிக்கும். உள்ள ஒரு பம்பு எண்ணையை அழுத்தி வெச்சிருக்கும், கால் வெறும் தாக்கல் சொன்னாப் போதும். பழைய வண்டி ஓட்டுன காலு அது மேல வழக்கம் போல ஏறி ஒரு மிதி மிதிச்சிருக்கும். கண்ணாடியில எத்தனை மூக்கு அப்புச்சோ!

ஆனா பழகுனவன் அதை விடலைன்னு சொன்னே பாரு, அங்கதான் எனக்கு ஒரு சங்கதி பிடிபட்டுது. கால் நாய் மாதிரி கண்ணு. ராசான்னு கூப்பிட்டாலும் வரும், டைகர்னு கூப்பிட்டாலும் வரும். தெனம் ஒரு பேரு வெச்சுக் கூப்பிட்டீன்னா கடிச்சுப்போடும்.

என்ற காலு பழகுன கதையைக் கேக்கறயா? கேக்கலைன்னாலும் சொல்லுவேன், காப்பி இன்னும் வரலை.

நானு கிளீனராச் சேந்தப்ப எங்க லாரிக்கு ஆயில் பிரேக்கு. வீல் சிலிண்டரைக் கழட்டி மாட்டுனா உள்ள காத்து பூந்துக்கும். அதை எடுக்கோணும். மெக்கானிக் அண்ணன் சக்கரத்துக்குக் கீழ படுத்துக்குவாரு. நிப்பிள்ல ஒரு ரப்பர் டியூபு, டியூபோட மறு நுனி சர்பத் பாட்டில்ல. நானு சீட்டுல. "அடி"ம்பாரு, அஞ்சாறு தடவை பம்ப் அடிப்பேன். "புடி"ம்பாரு, மிதியை அமுக்கிப் புடிச்சுக்குவேன். அவரு நிப்பிளை ஒரு கால் திருப்புத் திருப்புவாரு. அப்ப மிதி என்ற காலுக்கடியில மெதுவாக் கீழ எறங்கும் பாரு, சேத்துல கால் வெச்ச மாதிரி. பாட்டில்ல கொப்புளம் கொப்புளமா வரும். "விடு"ம்பாரு. அவரு நிப்பிளை முடுக்குனதுக்கு அப்பறந்தான் விடோணும். முந்தி விட்டா உள்ள மறுபடியும் காத்து ஏறிக்கும், என்ற முதுகுல ஸ்பேனரும் ஏறும். நாலு சக்கரத்துக்கும் இப்பிடியே. கடைசியில "எப்பிடி இருக்குது?"ன்னு அவரு கேட்பாரு. நாப்பது வருசத்துல எவனும் கேட்கலைன்னு இப்பத்தான் சொன்னேன், தப்பு. அந்த ஒருத்தரு கேட்டாரு. "பஞ்சாட்டம் இருக்குதுங்"ன்னா மறுபடியும் படுத்துக்குவாரு. "கெட்டியா இருக்குதுங்"ன்னா எந்திரிச்சுக் கையைத் தொடைப்பாரு. பஞ்சுக்கும் கெட்டிக்கும் நடுவால எனக்குப் பதினேழு விதம் தெரிஞ்சுது அப்ப. நீ ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மார்க்குப் போடறே. 1994லயே ஜெனரல் மோட்டார்ஸ்காரங்க பிரேக் ஃபீலுக்கு நூத்துக்கு மார்க்குப் போடற கணக்கு ஒண்ணு போட்டிருக்கறாங்கன்னும் சொன்னே. போடட்டும். எங்கண்ணன் ரெண்டே மார்க்குதான் போடுவாரு: படுப்பாரு, இல்லைன்னா எந்திரிப்பாரு.

அப்பறம் நானே ஓட்ட ஆரம்பிச்சு, முட்டை லோடுக்கு வந்தேன்.

நாமக்கல்ல பொறந்துபோட்டு முட்டை லோடு அடிக்காதவன் எவன் இருக்கறான்? தட்டத்துக்கு முப்பது, அட்டி அட்டியா அடுக்கி, வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள்ள போகோணும். எறக்கறப்ப ஒடைஞ்சதை எண்ணுவாங்க. அந்தக் காசு எங்க இருந்து வரும்? டிரைவர் பேட்டாவுல இருந்து வரும். மொத மாசம் எனக்கு பேட்டாவே வரலை, நானு மொதலாளிக்குக் குடுக்கோணும்னு கணக்கு வந்துது. எல்லாம் ஆம்லெட்டு.

அந்த மாசந்தான் ஒண்ணு கண்டுபுடிச்சேன். முட்டை, பிரேக் புடிக்கறப்ப ஒடையறதில்லை. வண்டி நின்னதுக்கப்பறம் ஒடையுது. எப்பிடின்னா, பிரேக் போட்டா வண்டி மூக்கு கவுந்துக்கும், லோடு முன்னால சாஞ்சுக்கும். சக்கரம் நின்ன அந்த நிமிசம், கவுந்த மூக்கு எகிறி நிமிரும். அட்டி பூராவும் பொறகால ஒரு ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்துலதான் அடித்தட்டத்துல சளக்குனு சத்தம் கேக்கும். அதுக்கு மருந்து மிதியிலதான் இருக்குது. மொதல்ல தடவு, அப்பறம் நல்லா அழுத்து, நிக்கறதுக்கு ஒரு முழம் இருக்கறப்ப காலை விட்டுக் குடு. எடுத்துப்போடக் கூடாது, விட்டுக் குடுக்கோணும். மூக்கு மொதல்லயே நிமிந்துக்கும், வண்டி படகு கரை ஒதுங்கற மாதிரி நிக்கும்.

இதுல ஒரு சங்கடம், சில வண்டி விட்டுக் குடுக்காது. நீ காலைத் தளத்துனாலும் அது புடிச்சதைப் புடிச்சபடியே இருக்கும், அப்பறம் திடீர்னு ஒரேயடியா விட்டுப்போடும். "மிதிக்கறப்ப ஒரு கோடு, விடறப்ப ஒரு கோடு, நடுவால இருக்கற இடைவெளிக்கு ஹிஸ்டெரிசிஸ்"னு நீ பேரு சொன்னே. கொஞ்சம் இருந்தா நல்லதாம், சிக்னல்ல காலை வெச்சுக்கிட்டு இருக்கறப்ப நோவு தெரியாதாம். நாங்க அதுக்கு வெச்ச பேரு வேற, அம்மிச்சி இருக்கறப்பச் சொல்ல முடியாது.

இப்ப உன்ற கரண்டு காருக்கு வர்றேன். நேத்துச் சாயங்காலம் நீ ஓட்டச் சொன்னே, ஓட்டுனேன். நல்லாத்தான் இருந்துது. காலை எடுத்தாலே வண்டி தானாத் தணியுது. மோட்டாரே பிரேக்கா மாறிக் கரண்டைத் திருப்பி பேட்டரிக்குள்ள ஊத்துதுன்னு சொன்னே. பிரேக்கை மெதுவா மிதிச்சாலும் மொதல்ல மோட்டாருதான் புடிக்குது, பேடு தூங்கிக்கிட்டு இருக்குது. பத்தாதப்பத்தான் பேடு வருது. அப்ப என்ற காலுக்கு ஒரு எதிர்ப்புத் தெரியுதே, அது எங்க இருந்து வருதுன்னு கேட்டேன். நீ தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "உள்ள ஒரு ஸ்ப்ரிங்கும் ரப்பரும் வெச்சிருக்கறோம் அப்புச்சி, பழைய பிரேக் மாதிரியே இருக்கறதுக்கு"ன்னே.

அட கெரகமே! சக்கரத்துக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லை, நடுவால ஸ்ப்ரிங்கை வெச்சு என்ற காலை ஏமாத்தறீங்க. இதுக்கா உன்னைய இன்ஜினியருக்குப் படிக்க வெச்சோம்? பொய் சாட்சி சொல்றதுக்குக் கோர்ட்டு வாசல்லயே ஆள் கெடைக்குமே!

அப்ப நீ ஒரு வார்த்தை சொன்னே பாரு. எனக்கு ராத்திரி சோறு எறங்கலை. "அப்புச்சி, நீங்க கடைசி முப்பது வருசம் ஓட்டுனது ஏர் பிரேக்கு லாரி. அதுல நீங்க சக்கரத்தையா மிதிச்சீங்க? ஒரு வால்வைத்தான் மிதிச்சீங்க. சக்கரத்தைப் புடிச்சது காத்து. வால்வுக்குள்ள இருக்கற ஸ்ப்ரிங்கைத்தான் உங்க காலு பிரேக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்துது."

முப்பது வருசம். வாளையார்ல எத்தனை தடவை, தொப்பூர்க் கணவாய் எறக்கத்துல எத்தனை தடவை! காலெடுத்தா புஸ்ஸுனு சத்தம் வருமே, அதுதான் என்ற பாட்டுன்னு நெனைச்சிருந்தேன். ஸ்ப்ரிங்காம்.

ஆனா விடிய விடிய யோசிச்சுப்போட்டு ஒரு பதிலு வெச்சிருக்கறேன். சரி, அது பொய்யின்னே வெச்சுக்குவோம். முப்பது வருசமும் ஒரே பொய் சொல்லுச்சு கண்ணு. மழையில, வெயில்ல, லோடோட, லோடில்லாம, இத்தனை அழுத்துனா இத்தனை காத்துன்னு ஒரே பேச்சு. உன்ற வண்டி அப்பிடியா பேசுது?

நீயே சொன்ன கதைதான். 2010ல டொயோட்டாக்காரனோட பிரியஸ் காரு. அதுலயும் மோட்டாரு பாதி, பேடு பாதி. மேடு பள்ளத்துலயோ வழுக்கற எடத்துலயோ மெதுவா மிதிச்சுக்கிட்டுப் போறப்ப, ஏ.பி.எஸ். உள்ள வந்து மோட்டாருகிட்ட இருந்து ஆயில் பிரேக்குக்கு மாத்திவிடும். மாறற அந்தக் கண்ணிமைக்கற நேரத்துல பிரேக் நழுவற மாதிரி காலுக்குத் தெரிஞ்சுது. இன்னும் அழுத்தி மிதிச்சா நிக்கும்தான். கம்பெனி அதிகாரி மொதல்ல என்ன சொன்னாரு? இது வாடிக்கைக்காரரோட உணர்வு சம்பந்தப்பட்ட சங்கதின்னாரு. அதாவது வண்டி நல்லாத்தான் இருக்குது, உன்ற காலுதான் சரியில்லை. ஜப்பான்ல ஜனம் புடிச்சுக்கிச்சு. ஒரு வாரம் ஆகலை, பிப்ரவரி 9ந் தேதி உலகம் பூரா 4,37,000 வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டு ஏ.பி.எஸ். புரோகிராமை மாத்திக் குடுத்தாங்க. ஒரு போல்ட் மாத்தலை, ஒரு பேடு மாத்தலை. காலுக்குள்ள இருந்த சந்தேகத்தை மாத்துனாங்க. உன்ற உத்தியோகத்துக்கு இதை விடப் பெரிய மரியாதை யாரு குடுப்பா? பிரேம் போட்டு ஆபீசுல மாட்டு.

பென்சுக்காரனும் 2001ல கம்பியில சேதி சொல்லிப் பிரேக் புடிக்கற வண்டி விட்டுப்போட்டு, 2004ல 6,80,000, மறு வருசம் வேற கோளாறுகளையும் சேத்து 13 லட்சம்னு திருப்பிக் கூப்பிட்டானாம். பெரிய பெரிய ஆளுகளே இதுல கால் வழுக்கியிருக்கறாங்க.

ரொம்பத் தூரம் எதுக்குப் போகோணும், இன்னிக்குக் காலைக் கதையைச் சொல்றேன். விடியக்காலம் நீ தூங்கிக்கிட்டு இருந்தே. சார்ஜர்ல பச்சை வெளிச்சம் எரிஞ்சுது. சாவி ஆணியில தொங்குச்சு. டீக்கடை வரைக்கும் போய்ட்டு வர்லாம்னு எடுத்தேன். மொறைக்காதே, கீறல் ஒண்ணும் இல்லை. பள்ளிக்கூடத்து எறக்கத்துல நேத்து மாதிரியே காலை எடுத்தேன். வண்டி தணியலை! சும்மா உருண்டுக்கிட்டே போகுது. அப்பறம் பிரேக்கை மிதிச்சேன், நின்னுது. ஆனா வயித்துல ஒரு புளி கரைஞ்சுது. என்னடா இதுன்னு யோசிச்சா, ராத்திரி பூரா சார்ஜ் ஏத்தி பேட்டரி வயிறு முட்ட இருக்குது. மோட்டாரு திருப்பி ஊத்தற கரண்டை எங்க வாங்கும்? பந்தியில எந்திரிக்கறவன் எலையில சோறு போட வர்ற மாதிரி, "போதும் போதும்"னு கையை மறிச்சுக்குது.

டீக்கடைக்குப் போற எறக்கம்னால சரி. ஒருத்தன் கொல்லிமலை மேல லாட்ஜுல தங்கி, ராத்திரி பூரா சார்ஜ் போட்டுக்கிட்டு, விடிஞ்சதும் எழுபது கொண்டை ஊசி வளைவு எறங்கறான்னு வெச்சுக்க. மொத வளைவுல அவன் காலுக்கு ஒரு பதிலு, இருபதாவது வளைவுல வேற பதிலு. பழைய காராட்டம் மிதிச்சுக்கிட்டே எறங்குனான்னா இன்னொரு வம்பு. பிரேக் ஆயிலு தண்ணியைக் குடிக்கற சாதி. புது டாட் 4 ஆயிலு 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கோணும்னு கணக்கு, ஈரம் குடிச்சதுக்கப்பறம் 155 தாங்குனாப் போதும். அது கொதிச்சு ஆவியானா மிதி சேத்துல எறங்கற மாதிரி எறங்கும். எங்கண்ணன் பாட்டில்ல வந்த அதே கொப்புளம், மலைப்பாதையில.

அதுக்கு வழி இருக்குதுன்னு நீ சொல்லுவே. பேட்டரி நெறைஞ்சிருந்தா அந்த அளவுக்குப் பேடே புடிக்கற மாதிரி வெச்சுக்கலாம், காலுக்கு வித்தியாசமே தெரியாதுன்னு. அப்ப வெச்சுத் தொலைங்க சாமி! பொய்தான் சொல்றதுன்னு முடிவாச்சு, சாயங்காலம் சொன்ன பொய்யைக் காலையில மறந்துபோட்டா எப்பிடி? பொய் சொல்றவனுக்கு ஞாபகசக்தி வேணும்னு உங்க காலேஜுல சொல்லித் தரலையா?

காப்பி வந்துருச்சு. குடி. அம்மிச்சி, நீயும் இப்பிடி உக்காரு, உன்னையப் பத்தித்தான் பேசப் போறோம்.

பேரன் ஒரு ஐ.நா. சபைச் சட்டம் சொன்னான். சிரிக்காதே, ஐ.நா. சபைக்கு இந்த வேலையும் இருக்குதாம். 100 கிலோமீட்டர் வேகத்துல வர்ற காரு 70 மீட்டருக்குள்ள நிக்கோணும். அதுக்கு மிதிக்கற மிதி ஆறரைக் கிலோவுக்குக் கொறையாம, 50 கிலோவுக்கு மேல போகாம இருக்கோணும். அம்பது கிலோ மிதி! நானு மூட்டை தூக்குன காலு, மிதிப்பேன். நீ? அவசரம்னு வந்தா நெறையாப் பேரு போதுமான அளவுக்கு மிதிக்கறதில்லையாம். பதறுனவன் காலு வெசையாப் போகும், ஆனா ஆழமாப் போகாது. பென்சுக்காரன் இதைக் கண்டுபுடிச்சு, 1996லயே கால் எத்தனை வெசையா எறங்குதுன்னு பாத்து, மிச்ச மிதியை வண்டியே மிதிச்சுக்கற மாதிரி வெச்சானாம். அந்த ஒண்ணை நானு ஒத்துக்கறேன். அது மனுசனைத் தெரிஞ்சவன் செஞ்ச வேலை.

ஆனா கண்ணு, உங்க ஒரகடத்துல ஒருத்தருக்கும் தெரியாத ஒரு மிதி இருக்குது. எடது பக்கத்துச் சீட்டுக்கு முன்னால. பழைய காரு வாங்கி எட்டு வருசத்துல அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பை ரெண்டு தடவை மாத்தியிருக்கறேன், என்ற பக்கம் ஒரு தடவை கூட மாத்தலை. உங்க அம்மிச்சி மிதிச்சுத் தேச்சது. எதுக்கால லாரி வந்தா மிதிப்பா, நாய் வந்தா மிதிப்பா, தூரத்துல வேகத்தடை தெரிஞ்சா இங்கிருந்தே மிதிக்க ஆரம்பிப்பா. ஓட்டறவன் திருப்தியை அளக்கறதுக்கு இத்தனை மிசின் வெச்சிருக்கறீங்க. ஓட்டறவன் எப்பவும் அவனுக்கு அவனே மார்க்குப் போட்டுக்குவான். அந்த எடது காலுல ஒரு மிசினைக் கட்டிப் பாரு. அது எத்தனை கிலோ மிதிக்குதோ, அத்தனை கிலோ உன்ற பிரேக்குல கோளாறு, இல்லைன்னா ஓட்டறவன்கிட்டக் கோளாறு. என்கிட்டக் கோளாறு இல்லை.

நம்பிக்கை இல்லையா? சாவியை எடு. லேப்டாப்பையும் மாட்டிக்க. அம்மிச்சி, செருப்பைப் போட்டுக்க, கடைக்குப் போய் ஒரு தட்டம் முட்டை வாங்கிக்கிட்டு வந்துரலாம். மடியிலயே வெச்சுக்க, டிக்கியில வேண்டாம்.

கண்ணு, நீ பொறகால உக்காரு. கோடு போட ஆரம்பிச்சுட்டயா? ம். பேட்டரி இன்னும் நெறைஞ்சுதான் இருக்குது, பரவாயில்லை. அதோ பால் சொசைட்டி வேகத்தடை. கறவைக்காரன் நிக்கறான், இன்னும் காலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கறான். அவன் முன்னாலயே நிறுத்தறேன். பாரு... தடவறேன்... அழுத்தறேன்...

அடியே, காலை எடு. வண்டி நின்னு நேரமாச்சு, இன்னும் மிதிச்சுக்கிட்டு இருக்கறே. முட்டையைப் பாரு. ஒண்ணு விரிஞ்சிருக்குதா? அது கடையிலயே விரிஞ்சது, நானு பாத்தேன், சொல்லலை.

என்ன கண்ணு, அதுலயே மூழ்கிப் போய்ட்டே? கடைசியில கோடு ஏன் அப்பிடிப் படுத்துப் போச்சுன்னா? அந்த ஒரு முழத்துல நானு என்ன பண்ணேன்னா கேக்கறே? அதைக் காலையில இருந்து சொல்லிக்கிட்டுத்தான இருக்கறேன். எத்தனை மில்லிமீட்டர் விட்டுக் குடுத்தேன்னு கேட்டீன்னா, அது வேற. உங்க கம்பெனியில எழுபத்திநாலு வயசுக்காரனுக்கு என்ன சம்பளம் போடுவாங்கன்னு மொதல்ல விசாரிச்சுக்கிட்டு வா.